பூச்சி மாத்திரையை மறுக்காதீர்கள்: பந்தலூரிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் குடற்புழுவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. வயிற்றில் புழு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்று சில ஆய்வுகள் சொல்வதாக எழுதியிருந்தார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அந்தச் செய்தி வந்து சேர்ந்த விதம் வேறு. யாரோ தலைப்பை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்த அன்று, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "பூச்சி கொஞ்சம் வயித்துல கெடந்தா சுகர் வராதாமே நர்ஸம்மா. எங்க மாமியாருக்குக் காலையே எடுத்துட்டாங்க. என் புள்ளைகளுக்காவது வராம இருக்கட்டும்" என்றாள்.

சர்க்கரையால் ஒரு காலைப் பறிகொடுத்த வீடு அது. அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அவளிடம் சொன்னதையும், வாசலில் நின்றபடி சொல்லி முடியாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பா, அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் பறித்தார். தங்கையும் அதே வேலைக்குத்தான் போனாள்.

முதலில் அந்த ஆய்வுகள். புழு நம் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க வேண்டும். அதற்கு நம் எதிர்ப்புச் சக்தி தன்னைத் தாக்காமல் அது பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எதிர்ப்புச் சக்தி உடம்புக்குள் கிளப்பும் எரிச்சலை, அதாவது அழற்சியை, தணிக்கும் பக்கமாக அது வேலை செய்கிறது. தொப்பைக் கொழுப்பில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சிதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. அந்த அழற்சி தணிந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்குப் புழு ஏற்றி இதைக் காட்டினார்கள். புழு வந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கொழுப்புக்குள்ளும் போய்ச் சேர்கின்றன, அவை இருக்கும்வரை சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது என்று கண்டார்கள். நம் சென்னையிலேயே 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயாளிகளிடம் யானைக்கால் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ஓராண்டு முழுக்கப் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உண்மையிலேயே புழு இருந்தவர்களுக்கு மாத்திரைக்குப் பிறகு இன்சுலினை உடம்பு ஏற்காத தன்மை கொஞ்சம் கூடியிருந்தது.

எல்லாரும் பேசுவது 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைப் பற்றித்தான். சர்க்கரை வரக்கூடிய நிலையில், வயிறு பருத்திருந்த 40 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு 20, சிலருக்கு 40 என்று கொக்கிப்புழுக் குஞ்சுகளை எண்ணித் தோலில் விட்டார்கள். மீதிப்பேருக்கு வெறும் போலி மருந்து. இரண்டு ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். 20 குஞ்சு விட்டவர்களுக்கு ஓராண்டில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. புழுவிலிருந்து மருந்து செய்ய முடியுமா என்று தேடுகிறார்கள். தேடட்டும், நல்லதுதான்.

ஆனால் எங்கள் பெண்கள் வயிற்றில் யாரும் எண்ணி விடவில்லை. கொக்கிப்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். நம் நாட்டில் பரவலாக உள்ள வகை ஒன்று நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். இன்னொரு வகை அதைப்போல ஐந்து மடங்கு குடிக்கும். சின்ன வகையே நூறு இருந்தாலும் ஒரு மாதத்தில் 90 மில்லி போய்விடும். கறியும் முட்டையும் சாப்பிட்டு மருத்துவரின் கண்பார்வையில் 20 புழுவோடு இருப்பவரும், அரிசிச் சோறும் சாயத்தண்ணியுமாக (பால் சேர்க்காத டீ) கூடை சுமக்கிறவளும் ஒன்றா?

இது நீலகிரி முழுவதற்குமான பிரச்சினை இல்லை. ஊட்டி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது, அந்தக் குளிரில் இந்தப் புழு எளிதில் வளராது. கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி என்று இறங்கி வாருங்கள். சூடு, மழை, தேயிலைக்கு மேலே மர நிழல் என்று, மலத்தோடு மண்ணில் விழும் புழு முட்டை பொரிக்க வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது. சரிவில் செருப்பு வழுக்கும் என்று பலர் வெறுங்காலோடுதான் மலை ஏறுகிறார்கள். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலையும் உப்பும் தேய்ப்பார்கள். கடிக்கிற அட்டை கண்ணுக்குத் தெரியும். விரலிடுக்கில் புகும் புழுக்குஞ்சு தெரியாது. இரண்டு நாள் அரிக்கும், சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிக்கொள்வார்கள். பிறகு குஞ்சு ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து பல்லை ஊன்றிவிடும்.

கழிப்பறை இருக்கிறதே என்பார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கழிப்பறை வேண்டும் என்றது. நான் பார்த்த லைன்களில் அது வீட்டிலிருந்து நூறடி தள்ளி இருக்கும். இருட்டிவிட்டால் அந்த நூறடியில் யானை நிற்கும். கர்ப்பிணிப் பெண்ணை அந்த நேரத்தில் அங்கே போ என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செடி மறைவுக்குத்தான் போவார்கள். விடிந்ததும் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள்.

இனி என் தங்கை கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன், அவளுக்கு அப்போது 47 வயது, களைப்பாக இருக்கிறது என்று டவுனில் ஒரு தனியார் இடத்தில் ரத்தம் கொடுத்தாள். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் என்கிறோமே, எச்பிஏ1சி, அது 6.3 என்று வந்தது. 5.7க்கு மேல் போனால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், 6.5 என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். அவ்வளவையும் சொல்லி, சோற்றைக் குறை என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை. ஒரு வேளைச் சோறு, மற்ற நேரம் சர்க்கரை போடாத சாயத்தண்ணி என்று நான்கு மாதம் ஓட்டியிருக்கிறாள். ஒரு நாள் முப்பது கிலோ கொழுந்தோடு சரிவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

போய்க் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்த துணி மாதிரி இருந்தது. நகம் கரண்டி போலக் குழிந்திருந்தது. முந்தானை முடிச்சில் ஒரு பிடி அரிசி. பேசிக்கொண்டே பச்சையாக மென்றுகொண்டிருந்தாள். 31 வருடம் பார்த்த அறிகுறிகள், என் வீட்டிலேயே. ஹீமோகுளோபின் 7.8. வெறும் வயிற்றில் சர்க்கரை 92, சாப்பிட்ட பிறகு 118. எங்கே இருக்கிறது சுகர்?

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை. அரசு மருத்துவமனையில் சோதித்த லேப் தம்பி என்னை அழைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். கண்ணாடி போல மெல்லிய ஓடு, நீள்வட்டம், உள்ளே நான்கைந்து உருண்டைகள் ஒட்டி நிற்கின்றன. ஊரே அடங்கிப் போகிற ஒரு நோய்க்கு அவ்வளவு அழகான முட்டை. அதன் பிறகு பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குச் சாயத்தண்ணி கூடாது என்ற கட்டுப்பாடு. தேயிலை உணவில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது, தேயிலைக்காரர்களுக்கு இதைச் சொல்லுவார் இல்லை. நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2 ஆனது. அதே எச்பிஏ1சி 5.5க்கு இறங்கியது.

காரணம் எளிது. அந்த டெஸ்ட் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. இரும்பு இல்லாவிட்டால் புது அணு குறைவாகவே பிறக்கும், பழைய அணுக்கள் அதிகம் சுற்றும், அவற்றில் ஒட்டியது கூடுதலாகத் தெரியும். நேர்மாறாகவும் ஏமாறலாம். சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பணு சீக்கிரம் அழிவதால், உண்மையிலேயே சர்க்கரை இருந்தும் டெஸ்ட் குறைத்துக் காட்டும். 1952இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிக்கில் செல் கண்டறியப்பட்டது இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், குறும்பர், இருளர் வாழும் ஊர்களில் இந்த ஒரே டெஸ்டை நம்பி முடிவு சொல்வது எவ்வளவு ஆபத்து!

ஆகவே அதிகாரிகளிடம் என் வேண்டுகோள். 2015இல் சில மாநிலங்களில் தொடங்கி, மறு ஆண்டு நாடு முழுக்கப் பரவிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. மெச்சத் தக்கது. ஆனால் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தாயை விட்டால், அவள் வயிற்றிலிருந்து அதே மண்ணுக்குத் திரும்ப முட்டை வரும். காலையில் எல்லாரும் கூடுகிற மஸ்டரிலேயே (எங்கள் பெரியவர்கள் பெரட்டு என்பார்கள்) ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆண்டுக்கு இரு முறை கொடுத்துவிடலாம்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிற பெண்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்போது, அதே துளி ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்க ஒரு கருவி கொடுங்கள். சோகை இருந்தால் எச்பிஏ1சியை நம்பாமல் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பாருங்கள். புழுவை எடுத்த பிறகும் விட்டுவிடாதீர்கள். பசி திரும்பும், உடம்பு தேறும், அந்த நேரத்தில் கடை பிஸ்கட்டும் நாலு கரண்டி சீனி போட்ட டீயுமாக ஓடினால், ஃபுளோரஸில் பார்த்தது இங்கேயும் நடக்கலாம். மாத்திரை கொடுத்த வீட்டில் ஆறு மாதம் கழித்து ஒரு முறை சர்க்கரை பார்த்தால் போதும்.

அந்தப் பெண்ணிடம் மறு வாரம் திரும்பப் போனேன், விடுபட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாள் அது. இரண்டு பிள்ளைகளும் மென்று விழுங்கினார்கள், சின்னவன் மட்டும் முகம் சுளித்தான். அவள் தன் கையையும் நீட்டினாள். வயது 34 என்பதால் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை ஆகஸ்டில். அதற்குள் பட்டியல் மாறுமா என்று சுகாதாரத் துறையைத் தங்கள் வழியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டச் செவிலியர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.