ஜாடியில கை வைக்காதடி

அடியே வள்ளி,

இத்தனை நாளா பதில் போடலைன்னு திட்டுவே, நல்லா திட்டிக்கோ, ஆனா திட்டி முடிச்ச கையோட அந்த ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கி பாத்ரூம்ல வச்சிட்டு வந்து மீதியைப் படி. இங்க எல்லாரும் சௌக்கியம், இவருக்கு சுகர் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்திருக்கு, பெரியவ இன்னும் அதே கம்பெனிதான்.

நீ அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். உங்க காரைக்குடி வீட்டு ரெண்டாங்கட்டுல இருந்த அதே ப்ரவுன் ஜாடிங்க, பர்மாலேர்ந்து கப்பல்ல வந்ததுன்னு உங்க அப்பத்தா பெருமையடிப்பாங்களே, அதுங்கதானே? அதைப் போய் ப்ளீச்ல ஊறப்போட்டு கம்பி நார்ல தேய்க்கப் போறாளாம், கூட ஒரு ஸ்மைலி வேற! ஹாஸ்டல் பக்கெட் கதைக்கு அப்புறமும் நீ திருந்தல. இந்த மாதிரி ஜாடிக்கு அந்த பர்மா துறைமுகத்துப் பேர்ல மர்த்தபான்னு பேரு, அந்த மர்த்தபான் ஜாடியில இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்கா எல்லாம் உப்புல போட்டு கப்பல்ல கொண்டு போனதை ஊர் ஊரா சுத்தின மொராக்கோக்காரர் இபன் பதூதா 14ஆம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்கார்டி, அந்தப் பரம்பரை அது.

ப்ளீச் ஏன் கூடாதுங்கறேன்னா, மேல இருக்கற பளபளப்பு வெறும் கண்ணாடிப் பூச்சு, உள்ள இருக்கறது சுட்ட மண்ணு. பூச்சுல மயிரிழை மாதிரி கீறல் ஓடுது பாரு, அது வழியா வருஷக்கணக்கா ஊறுகாய் உப்புத்தண்ணி உள்ள இறங்கியிருக்கும், மழைக்காலத்துல அந்த உப்பு கரையும், காஞ்சா மறுபடி பூக்கும், பூக்கறப்பல்லாம் உள்ளேர்ந்து பூச்சைத் தள்ளும், கடைசியில செதில் செதிலா உதிரும். ப்ளீச் ஊத்தினா அதோட உப்பும் சேர்ந்து உள்ள போய் உக்காந்துக்கும். கழுத்துகிட்ட வெள்ளையா இருக்குன்னு எழுதினியே, அது அழுக்கு இல்ல, பூத்த உப்புதான்னு நினைக்கறேன்.

முதல்ல விரல் மடக்கி லேசா தட்டிப் பாரு. டங்குன்னு கேட்டா பயமில்ல, டொக்குன்னா எங்கயோ விரிசல் இருக்கு, தண்ணி பக்கமே கொண்டு போகாதே. எங்கயாவது ஒட்டுப் போட்டிருந்தாலும் அதே கதைதான், பழைய பசை தண்ணில விட்டுடும். நல்லா இருந்தா பெயிண்ட் ப்ரஷ்ஷால தூசி தட்டு, பிளாஸ்டிக் டப்புல டவல் விரிச்சு ஒண்ணு ஒண்ணா வை, ரெண்டு சொட்டு விம் லிக்விட், பச்சைத் தண்ணி, காட்டன் துணி, அவ்ளோதான். கடைசியா அலச உங்க போர் தண்ணி வேணாம், அதுவே உப்பு. பேட்டரிக்கு ஊத்துவாங்களே டிஸ்டில்ட் வாட்டர், அதை வாங்கிக்கோ. வெயில்ல காயவைக்காதே, நிழல்ல நாள் கணக்கா கிடக்கட்டும். தூக்கறப்போ காதைப் பிடிச்சுத் தூக்காதே, ரெண்டு கையையும் அடியில குடு.

ஜாடிங்க கூட இருக்கற தங்க ஓரம் போட்ட பீங்கான் தட்டுக்கு இதெல்லாம் எதுவுமே வேணாம், ஈரத் துணியால ஒத்தி எடு. அந்தத் தங்கத்தைப் பூச்சுக்கு மேல வச்சு கம்மி சூட்டுல சுட்டிருப்பாங்க, தேய்ச்சா வந்துடும். என் மாமியார் புளி போட்டுத் தேய்ச்ச தட்டு இப்போ மொட்டையா இருக்கு, பித்தளைன்னு நினைச்சுட்டாங்க போல. மறுபடி அந்த ஜாடியில ஊறுகாய் போடறேன்னும் கிளம்பாதே. பழைய பூச்சுல ஈயம் இருக்கலாம், புளிப்பு பட்டா இறங்கும்.

வள்ளி, இதை மட்டும் சீரியஸா கேளு. பெரிய ஜாடியைக் கவுத்துப் பாரு, அடியில செவப்பு பெயிண்ட்ல உங்க ஆத்தா இனிஷியல் எழுதியிருப்பாங்க, கல்யாண வீட்டுக்கு இரவல் குடுத்தா மாறிடக்கூடாதுன்னு. அது சூளையில சுட்ட எழுத்து இல்ல. நார் பட்டா ஒரே தேய்ப்புல போயிடும், அப்புறம் அவங்க கையெழுத்து உன்கிட்ட எங்க இருக்கு? அந்த இடத்துல ஈரத் துணி கூட வேணாம்.

அப்புறம் அந்தப் பழைய சாமான் கடைக்காரர், கழுவிக் குடுத்தா ரேட் ஏறும்னாராமே, நம்பாதே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல எல்லாம் தூசியோடதானே அடுக்கி வச்சிருக்காங்க, நாம பாக்கலையா? விக்கறதா இருந்தா எனக்கு முதல்ல சொல்லு.

பொங்கலுக்கு வரேன், காட்டன் பட்ஸ் நான் வாங்கிட்டு வரேன். சின்ன ஜாடி எனக்குத்தான்னு ஆத்தா சொன்னாங்க, அப்போ நீயும் பக்கத்துலதான் நின்னே, மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதே.

உன்,
சாந்தி