ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்த்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பேசும்போது ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருந்தாய். போன வாரமும் அந்தச் சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் என்கிறாள் அம்மா. எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை. ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வருவதுண்டு.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை அண்ணன் சொன்னான். ரொம்பப் பெருமையாக இருந்தது. நீயே சொல்லியிருக்கலாம். படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்பதையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

லேபில் எத்தனை ஸ்லைடு பார்த்திருப்பேன்! ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, லீஷ்மேன் சாயம் போட்டுப் பார்த்தால், சிவப்பணுக்களின் நடுவில் கொஞ்சம் வெளுப்பு தெரியும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. இரும்பு குறையக் குறைய அந்த வெளுப்பு அகன்று, கடைசியில் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம்தான் மிஞ்சும். அதைப் பார்த்தாலே எனக்கு அந்த ஆள் எப்படி நடமாடுகிறாரோ என்று இருக்கும்.

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நாலே இரும்பு அணுக்கள். அவையும் ஃபெரஸ் நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைப் பிடிக்கும். ஒரு எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகிவிட்டால் பிடிக்காது. உடம்பு முழுக்கச் சேர்த்தாலே 3, 4 கிராம் இரும்புதான், பெண்களுக்கு இன்னும் குறைவு. ரத்தம் போனால் அதோடு இதுவும் போகும். மாதா மாதம் அதிகமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லு. நான் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் சொல்லு.

"ஹீமோகுளோபின் 12 இருக்கு, நார்மல்" என்று எழுதியிருந்தாய். 12க்குக் கீழே போனால்தான் பெண்களுக்கு ரத்தசோகை என்று கணக்கு, உண்மைதான். ஆனால் சிவப்பணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜை முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பில் கைவைக்கும். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பு எவ்வளவு என்பதை ஃபெரிட்டின் என்ற ரத்த டெஸ்ட்தான் சொல்லும். தசைக்கும் இரும்பு வேண்டும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் வேண்டும். தூங்கி எழுந்தும் அசதி என்கிறாயே, அதை வேலைப்பளு என்று தள்ளிவிடாதே. நாக்கு வழவழப்பாகி எரிகிறதா, நகம் நடுவில் குழிகிறதா பார். நாக்கையும் தோலையும் மூடியிருக்கும் எபிதீலியச் செல்கள் ஓயாமல் பிரிந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பவை, குறை வந்தால் அங்கே தெரியும்.

நீயாகவே மாத்திரை வாங்கிப் போடாதே. பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருந்தாலும் சிவப்பணு இப்படித்தான் வெளுத்து, சிறுத்துத் தெரியும். அத்தை விஷயம் உனக்குத் தெரியும். முதலில் டெஸ்ட், பிறகு டாக்டர் சொன்னால் மாத்திரை. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதே. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். போன தடவை பாதியில் விட்டாய்.

இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவளுக்கு, ஒரு காலை நேரம் ரத்தம் கொடுக்கப் போக முடியாதா? ஃபெரிட்டின் பார்த்துவிடு. ரிப்போர்ட் வந்ததும் முழுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நார்மல் என்று ஒரு வரி போதாது. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்குக் கீழே இருக்கிறதா என்று நானே பார்க்க வேண்டும்.

அப்பா