முழங்காலுக்கு அளவெடுத்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

வெளியூர் ஹாக்கிப் போட்டிக்குப் போன எங்கள் கிளப் அணி ஊர் வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது. ஸ்டிக் பைகள் இன்னும் திண்ணையிலேயே கிடக்கின்றன, என் தொண்டையும் இன்னும் சரியாகவில்லை. பயிற்சியாளன் நாலு ஆட்டம் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினால் அப்படித்தான். நேரில் வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. குரல் திரும்பும்வரை காத்திருந்தால் ஆறிப்போய்விடும் என்று எழுதுகிறேன்.

கடைசி மூன்று வாரம் என்ன நடந்தது என்று கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். யார் போனார்கள், யார் காலுக்கு என்ன ஆச்சு, யார் என்ன பேசினார்கள், அதை மறுபடி கிளற விருப்பமில்லை. ஹாக்கியால் வேலை கிடைத்துப் போன தம்பிகள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. நம் ஊரில் பாதிப் பேர் ஸ்டிக் பிடிப்பதே அந்த வேலைக்காகத்தானே. போட்டிக்கு 19 நாள் இருக்கையில் எங்கள் பின்வரிசை காலியாக இருந்தது. அவ்வளவுதான் கதை.

காசு கொடுத்து வெளியிலிருந்து கெஸ்ட் பிளேயர் கூப்பிடலாம் என்றார்கள். நானும் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டேன், பொய் சொல்லவில்லை. ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டுப் போனை வைத்துவிட்டு, அடுத்த நாள் காலை மைதானத்தில் ஜூனியர் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, "பேக் ஆட யாருக்கு இஷ்டம்?" என்று கேட்டேன். பேக் என்றால் பின்வரிசையில் நின்று தடுக்கிறவன். ஒரு கை கூட உயரவில்லை. பையன்களையும் குறை சொல்ல முடியாது. நம் ஊர் மாரீஸ்வரனும், இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்த பிறகு, எல்லோருக்கும் அவர்களைப் போல முன்னால் ஓட வேண்டும், கோல் அடிக்க வேண்டும். பத்துப் பந்தைத் தடுத்தவனை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, விட்ட ஒரு பந்தைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். எவன் கை தூக்குவான்?

கடைசியில் நானே நாலு பேரைப் பிடித்தேன். 16 வயசில் இரண்டு பேர், 17ல் ஒருவன், 18ல் ஒருவன். அன்று சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியைப் போனில் போட்டுக் காட்டினேன். பிரிட்டனோடு ஆடியது. 17வது நிமிஷத்தில் நம் பின்வரிசைக்காரர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச 40 சொச்சம் நிமிஷமும் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று பிடித்துவைத்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோமே, அந்த ஆட்டம். எல்லோரும் அதில் கீப்பர் ஸ்ரீஜேஷைத்தான் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான். நான் பையன்களிடம், ரோஹிதாஸ் போன பிறகு அந்த ஓட்டையை யார் யார் மாறி மாறி அடைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றேன். அப்புறம் அரையிறுதியையும் காட்டினேன். ரோஹிதாஸ் தடையில் வெளியே உட்கார்ந்திருக்கிறார். பெனால்டி கார்னருக்கு எப்போதும் முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுகிறவர் அவர்தான். ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது, ஆட்டம் 3-2 என்று போனது. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு பின்வரிசைக்காரர் இல்லை என்றால் ஒரு நாட்டு அணிக்கே மூச்சு முட்டுகிறது. நமக்கு இல்லாதது ஒருவர் இல்லையே, மொத்த வரிசையும்தானே. "அப்போ நாங்கதான் அண்ணே பேக்" என்றான் ஒருவன். சரி என்று அங்கே ஆரம்பித்தது.

பந்தைப் பறிக்கிற டேக்கிள், எதிர் ஆளை ஒட்டி நிற்கிற மார்க்கிங் எல்லாம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. வராதது பேச்சு. பின்னால் நிற்கிறவன்தான் முழு மைதானத்தையும் பார்க்கிறான், அவன் கத்தினால்தான் முன்னால் இருப்பவன் திரும்புவான். நம் பையன்களோ பெரியவர்களைப் பார்த்துக் கத்தக் கூச்சப்பட்டார்கள். "அண்ணே... உங்க வலது பக்கம் ஒருத்தர் வர்றார் அண்ணே" என்று ஒருவன் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஒருத்தர் கோலுக்கு முன்னால் இருக்கிற 'டி' கோட்டுக்குள் போய் கோலே அடித்துவிட்டார். எதிர் ஆளுக்குக்கூட 'வர்றார்'! அன்றிலிருந்து கோட்டுக்குள் இறங்கினால் அண்ணனும் கிடையாது, வாங்க போங்கவும் கிடையாது என்று சட்டம் போட்டோம். சீனியர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கே அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மைதானத்தில் "ஏல, திரும்புல" என்று ஒரு 16 வயசுப் பையனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் அவனுக்கே டீ வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இப்போது இந்த மடலின் முக்கியமான ஆளுக்கு வருகிறேன்.

பெனால்டி கார்னரில் முதல் ரன்னர் வேலை என்ன என்று ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோல் கோட்டுக்குப் பின்னால் கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர், மற்ற எல்லோரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பந்து உள்ளே தள்ளப்பட்ட நொடியில் ஒருவன் கோலிலிருந்து பாய்ந்து, டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவது) அடிக்கிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். பந்தை நோக்கி ஓடுகிறான் பாருங்கள், அதிலிருந்து விலகி இல்லை. ஓடுகிறவன் ஒரு பக்கத்தை அடைத்தால் கீப்பர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும், பந்தோ கல் மாதிரி, 160 கிராம் பக்கம் இருக்கும். முகத்துக்கு மாஸ்க், கைக்குக் கிளவுஸ், முட்டிக்குப் பேடு. இவ்வளவுதான் காப்பு.

அந்த நாலு பேரில் வேகமானவன் ஒரு 16 வயசுப் பையன், ஒல்லிக்குச்சி. அவனைத்தான் முதல் ரன்னராகப் போட்டேன். மாஸ்க் இல்லாமல் சும்மா ஓடவிட்டால் அம்பு மாதிரி போகிறான். பேடு கட்டி ஓடவிட்டால் மூன்றாவது அடியில் வேகம் செத்துவிடுகிறது, இடது கை கீழே போகிறது, உடம்பு குனிகிறது. ஐந்து நாள் இதே கதை. பயம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆறாவது நாள் எல்லோர் முன்னாலும் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன். இன்னும் ஒன்றிரண்டு வார்த்தையும் சொன்னேன், அவை இங்கே வேண்டாம். பையன் ஒன்றும் பேசவில்லை, மாஸ்க்கைக் கழற்றாமலே நின்றான். ஏன் கழற்றவில்லை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்கடை அக்கா வந்தார். பயிற்சி பனியன்களுக்கு நம்பர் தைக்கக் கொடுத்திருந்தோம், அதைக் கொண்டு வந்தவர் கொடுத்துவிட்டுப் போகாமல் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். ஹாக்கியில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது, அவரே பிறகு சொன்னார். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, அந்தத் தம்பிக்குப் பயம் ஒண்ணும் இல்ல. முட்டில கட்டியிருக்கது நழுவுது. அதைப் பிடிக்கத்தான் கை கீழ போகுது."

போய்ப் பார்த்தேன். பெரிய ஆட்களுக்கு வாங்கின பேடு அது. பையன் காலில் வெல்க்ரோவைக் கடைசிவரை இழுத்து ஒட்டினாலும் இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தொளதொள. இருபத்தைந்து வருஷமாக இந்த ஆட்டத்தில் கிடக்கிறேன், ஐந்து நாள் அவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன், குனிந்து அவன் முட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை.

அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஓடும்போது எப்படி மடக்குவே, அப்படி மடக்கி நில்லுப்பா." முட்டிக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, மடக்கி ஒன்று, நீட்டி ஒன்று. துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். மற்ற மூன்று பேருக்கும் எடுத்தார். நாலு ஜோடிப் பேடையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அது முகூர்த்த மாதம், கடையில் ஜாக்கெட் துணி மலை மாதிரி குவிந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேடுகளோடு வாசலில் நிற்கிறார். பழைய ஸ்கூல் பையிலிருந்து எடுத்த ஸ்பாஞ்ச் உள்ளே, பின்பக்கம் அகல எலாஸ்டிக் இரண்டு மடிப்பு, முட்டிக்குப் பின்னால் பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குப் பட்டை. அந்தக் குறுக்குப் பட்டையில்தான் இருக்கிறது விஷயம். கால் மடங்கும்போது அது இறுகுகிறது, நீட்டினால் விடுகிறது. கடையில் விற்கிற பேடில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பையன் கட்டிக்கொண்டு ஓடினான். கை கீழே போகவில்லை.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "இதுல போய் என்னத்தக் காசு, மிச்சத் துணிதான" என்றார். அன்று ஒரு பெனால்டி கார்னரை மட்டும் நின்று பார்த்துவிட்டு, பந்து கிளம்பியதும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "இவன் அம்மா இதைப் பாத்திருக்காளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது ஆட்டம், கடைசிக் கால்பகுதி. 2-1 என்று முன்னால் இருக்கிறோம், எதிர் அணிக்குப் பெனால்டி கார்னர். இவன் பாய்ந்தான். பந்து பேடிலேயே மோதியது, முட்டிக்குக் கீழே. அப்படிப் பட்டால் விதிப்படி மறுபடி கார்னர். மறுபடி பாய்ந்தான், மறுபடி அதே இடம், மறுபடி கார்னர். மூன்றாவது தடவை கோல் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஸ்டிக்கில் வாங்கிப் பந்து வெளியே போனது. அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அடுத்ததில் தோற்றது உங்களுக்குத் தெரியும், அதில் பின்வரிசையின் குற்றம் ஒன்றுமில்லை, முன்னால் கிடைத்த நாலு வாய்ப்பை நாங்கள் விட்டோம்.

தம்பி, எல்லோர் முன்னாலும் திட்டினேன், அதனால் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். விடிவதற்கு முன்பே கேட்டைத் திறந்து, செயற்கைப் புல் டர்ஃபுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொடுத்த அண்ணன்மார்கள். பரீட்சை நேரத்தில் பையன்களை அனுப்பிய பி.டி. சார், அனுப்பச் சொல்லி நின்ற வகுப்பு டீச்சர். எதிர் அணி என்று பார்க்காமல் தங்கள் கீப்பர் கிட்டை இரவல் தந்த பக்கத்து கிளப். 60 வயசில் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டிக்கைக் குத்துகிற மாதிரி நீட்டிப் பந்தைத் தட்டும் ஜாப் டேக்கிள் சொல்லிக் கொடுத்த பழைய ஃபுல் பேக் மாமா. தினமும் இட்லி அனுப்பிவிட்டுக் கணக்கில் பாதியை மறந்த ஹோட்டல்காரர். பயணத்துக்கு இரண்டு டின் கடலைமிட்டாய் ஏற்றிவிட்டவர் (ஒரு டின் சாத்தூர் தாண்டவில்லை). மகன் கால் வீங்கி வந்தபோதும் 'நாளைக்கும் வரட்டும்' என்று சொன்ன அம்மாக்கள். எல்லோருக்கும் என் கும்பிடு.

இனி இந்த கிளப்பில் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நான் மாற்றிப் பேசினால் யாராவது எடுத்துக் காட்டலாம். இரண்டு வருஷத்துக்குப் பின்வரிசைக்கு கெஸ்ட் பிளேயர் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 18 வயசுக்குக் கீழே உள்ள இரண்டு பேக், முழுசாக ஒரு கால்பகுதி, ஸ்கோர் என்னவாக இருந்தாலும் களத்தில் நிற்பார்கள். தோற்கிற ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிஷம் இறக்கிவிட்டுச் 'சான்ஸ் கொடுத்தேன்' என்று சொல்கிற பழக்கம் எனக்கும் உண்டு, அது போதும். சீனியர் ஒருவர் வேலைக்குக் கிளம்புகிற அன்று அவர் இடத்தில் ஏற்கெனவே நாற்பது ஆட்டம் நின்ற ஒருவன் இருக்க வேண்டும். 12 வயசுப் பையனுக்கும் அவன் காலுக்கு அளவான பேடு இருக்கும். திட்டுவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பேன், முயற்சி செய்கிறேன்.

நேற்று அக்கா கடைக்குப் போனேன். ஒரு ஜோடிப் பேடில் எலாஸ்டிக் பிய்ந்திருந்தது, அந்த மூன்று கார்னர் செய்த வேலை. கூடவே போட்டியில் பையன்களுக்குக் கொடுத்த துண்டு ஒன்றையும் மடித்துக் கொண்டுபோயிருந்தேன், அவருக்குப் போர்த்தலாம் என்று. என்னென்னவோ பேச நினைத்துப் போனேன், குரல்தான் இல்லையே. துண்டை வாங்கி மெஷின் மேல் வைத்தார், பேடைக் கையில் எடுத்தார், உடனே மூக்கைச் சுளித்துத் தூரப் பிடித்தார்.

"முதல்ல இதைத் துவைச்சுக் கொண்டாங்க அண்ணாச்சி. நாத்தம் தாங்கல."