மாத்திரையை எப்படிக் கொடுத்தீர்கள்?

அன்புள்ள கயல்,

கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஒருவருடன் அடுத்த வாரம் ஐந்து நாள் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். உன் அப்பாவிடம் சொன்னேன். "மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப் பார்க்க ஐந்து நாளா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் கிடந்த ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தோம். இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், அதிலும் மெல்ல மெல்லக் கரையும் வகை, எழுதியிருந்தது. இரவு டியூட்டி முடிகிற நேரம். நான் அந்த மாத்திரையைச் சிறு உரலில் போட்டு மாவாக நுணுக்கி, தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சால் குழாயில் ஏற்றினேன். கட்டியில்லாமல் நுணுக்கியதில் கொஞ்சம் பெருமைகூட. ஒரு மணி நேரம் ஆகவில்லை, அழுத்தம் 80/50. மாரடைப்பா, கிருமித் தொற்றா, உள்ளே எங்காவது இரத்தக் கசிவா என்று டாக்டர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். சலைன் ஓடியது, இசிஜி எடுத்தார்கள்.

அப்போதுதான் எங்கள் வார்டு பார்மசிஸ்ட் வந்தார். மருந்துச் சீட்டை ஒரு நிமிடம் பார்த்தார். நோயாளியைப் பார்த்தார், மூக்குக் குழாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, மற்றவர் காதில் விழாத குரலில், "மாத்திரையை எப்படிக் கொடுத்தீர்கள், சிஸ்டர்?" என்றார். அவ்வளவுதான். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மழுப்பியிருப்பேன். "நுணுக்கித்தான்" என்றேன். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே மூச்சில் இறங்கிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளையாக நோயாளி பிழைத்துக்கொண்டார். அடுத்த வேளையிலிருந்து, நுணுக்கினாலும் கெடுதல் இல்லாத அம்லோடிபினாக மாற்றச் சொல்லி டாக்டரிடம் பேசியதும் அந்த பார்மசிஸ்ட்தான். அன்று மதியம் உரல் இருந்த மேசைக்கு மேலே, நுணுக்கக் கூடாத மாத்திரைகளின் பட்டியல் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதன் பிறகு என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, நீ போய் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். டாக்டர்களோடு வார்டு சுற்றி வருவதைத்தான் எல்லாரும் ஆசையாகப் பார்ப்பார்கள். நீ அதற்கு முந்தைய மணி நேரத்தைப் பார். காலையில் வந்ததும் ஒவ்வொரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்மசிஸ்ட் ஏதோ கணக்குப் போடுவார். அதில் ஒன்றை உன் கையால் போட்டுப் பார்க்கத் தரும்படி கேள். 80 வயது அம்மா, எடை 45 கிலோ, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.0 என்று வைத்துக்கொள். பரிசோதனைத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கிப் பார். சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 32 மில்லிலிட்டர் என்று வரும். திடமான இளவயதுக்காரருக்கு 100-ஐ ஒட்டி வர வேண்டியது. காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரம் இது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க இன்றும் இதைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். தாளில் ஒழுங்காகத் தெரியும் அந்த அம்மாவுக்கு, சிறுநீரகம் வழியாக வெளியேறும் ஆன்டிபயாடிக்கை முழு அளவில் கொடுத்தால் உடம்பில் தேங்கிப்போகும். வார்டு சுற்று தொடங்கும் முன்பே இது அவருக்குத் தெரிந்திருக்கும்.

புதிதாகச் சேரும் நோயாளியிடம் அவர் பேசும்போது ஒதுங்கி நின்று கவனி. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் "ஒன்றும் இல்லை" என்பார்கள். கண்ணில் விடும் சொட்டு மருந்தும், போட்டுக்கொள்ளும் இன்சுலினும், தூக்கத்துக்குத் தெரிந்தவர் கொடுத்த மாத்திரையும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னால் ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு அட்டையாக விழும். அந்தப் பையைக் கொட்ட வைக்கும் பேச்சு இருக்கிறதே, அதை எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் கற்க முடியாது.

அடுத்தது தொலைபேசி. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும். பார்மசிஸ்ட் டாக்டரை அழைத்து, வேறு மருந்து மாற்றலாமா, இல்லையென்றால் வார்ஃபரினைக் குறைத்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சீக்கிரமே பார்த்துவிடலாமா என்பார். சில டாக்டர்கள் நன்றி சொல்வார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். அவர் சொன்னதை ஏற்காமல் போவதும் உண்டு, அவரே தவறாகச் சொல்லிவிடுவதும் உண்டு. போனை வைத்ததும் அவர் முகத்தைப் பார்.

என் சந்தேகம் எல்லாம் இந்த இடத்தில்தான். அந்த நோயாளிக்கு இரத்தம் கசியாது. கசியாததை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அவரும் அவர் வீட்டாரும் டாக்டருக்கும் எங்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நீயோ கோலத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள். குறையாகச் சொல்லவில்லை, என்னிடமிருந்து வந்ததுதான் அது. ஆனால் வருடக்கணக்கில் அப்படி யார் கண்ணிலும் படாமல் வேலை செய்ய உன்னால் ஆகுமா என்பதை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் மதியம், அவர் கம்ப்யூட்டர் முன் வாய் திறக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது, உன் கண் எத்தனை தடவை கடிகாரத்துக்குப் போகிறது என்று எண்ணிக்கொள்.

மற்றபடி, கால் மூடிய ஷூ போட்டுக்கொள். போனை வெளியே எடுக்காதே. குறிப்பேட்டில் நோயாளிகள் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. திரையை இழுத்தார்கள் என்றால் நீ வெளியே. "இந்த மாத்திரை நல்லதா, பாப்பா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் பார்மசிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போ.

உன் அம்மாவும் வார்டில் இருந்தவள் என்று பேச்சு வந்தால் அந்த நிஃபெடிபின் கதையை அவரிடம் தாராளமாகச் சொல். அழுத்தம் 80/50 என்பதோடு நிறுத்திக்கொள். அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா