நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன்

அம்மாடி,

வீடு வாங்குவதற்கு நீ போட்டு அனுப்பிய எக்செல் கணக்கை மூன்று முறை பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்பா, மீட்டிங்" என்கிறாய். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள். மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்கை அழகாகப் போட்டிருக்கிறாய். ஒரு எண்ணை மாற்றினால் கீழே மொத்தம் தானாக மாறுகிறது. ஒரு கட்டத்தில் இருந்த எண்ணைச் சும்மா மாற்றிப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் வீடு வாங்கியபோது என் மொத்தக் கணக்கும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அதில் பாதி, தரகரின் போன் நம்பர்.

ஆனால் வாங்கப்போவது 40 வருஷ வீடு. சமையலறை அலமாரிக்கு, வீட்டைச் சரிசெய்கிற வேலைச் செலவில் கால்வாசியை ஒதுக்கியிருக்கிறாய். மொட்டைமாடித் தளத்துக்கு ஒன்றுமே இல்லை. வயரிங்குக்கு "சில்லறை வேலை" என்று போட்டிருக்கிறாய். பழைய வீட்டில் சில்லறை வேலை என்று ஒன்று கிடையாதம்மா. சுவிட்ச் பெட்டியைக் கழற்றினால் உள்ளே வயரின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஷாக் அடிக்காமல் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் வயர் இருக்கிறதா என்று பார்த்தாயா? நீ கேட்டிருக்க மாட்டாய்.

முதலில் தண்ணீர் உள்ளே வருகிற வழியை அடைக்க வேண்டும்: தளம், வடிகால். அப்புறம் சுவரில் ஏறியிருக்கும் ஓதம், அதாவது ஈரம். அப்புறம் சுவருக்குள் போகிற குழாயும் வயரும். பூச்சும் தரையும் அலமாரியும் அதற்குப் பிறகுதான், பெயின்ட் கடைசி. மாற்றிச் செய்தால் ஒரே சுவரை இரண்டு தடவை உடைத்து, இரண்டு தடவை பூசக் கூலி கொடுப்பாய்.

மழை பெய்யும்போது ஒரு தடவை போய்ப் பார். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். விற்கிறவர் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரை விரல் முட்டியால் தட்டு. பூச்சு விட்டுப்போயிருந்தால் காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி கேட்கும். மேல்தளத்தின் அடியில் நீளமாக வெடிப்பும் அதன் ஓரத்தில் செம்பழுப்புக் கறையும் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அதை மேஸ்திரியிடம் கேட்காதே, "பூசிடலாம்மா" என்பார். கட்டடத்தின் பலத்தைப் பார்த்துச் சொல்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போ. முன்பணம் கொடுப்பதற்கு முன்பு. முன்பு என்றால் முன்பு.

எதிர்பாராத செலவு என்று ஒரு வரியே உன் கணக்கில் இல்லை. பழைய வீட்டுக்கு வேலைச் செலவில் 15 முதல் 20 சதவீதம் அதற்கென்று தனியாக வைக்க வேண்டும். அதில் கைவைத்து நல்ல டைல்ஸ் வாங்கக் கூடாது. வங்கி தான் போட்ட மதிப்பில் ஒரு பகுதிக்குத்தான் கடன் தரும். அதற்கு மேல் உள்ள விலை, பத்திரச் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். வேலை முடியும்வரை இப்போது இருக்கிற வீட்டு வாடகையும் புது வீட்டுத் தவணையும் சேர்ந்து ஓடும். நீ 2 மாதம் போட்டிருக்கிறாய். 5 போடு.

வருமானம் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு சம்பளம்தான் இருக்கிறது. மறந்திருப்பாய். நீ மறக்கிற ஆள் இல்லை, ஆனாலும் மறந்திருப்பாய். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அம்மாவும் சொல்லியிருக்கிறாள். வட்டி 2 சதவீதம் ஏறினால் தவணை என்ன ஆகும் என்று மட்டும் போட்டுப் பார். வீட்டை இரண்டு பேரும் சேர்ந்துதானே போய்ப் பார்த்தீர்கள்?

கையில் கொஞ்சம் வைத்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நம் வீட்டுக்கு வெள்ளையடித்தால் போதும் என்றுதான் நானும் வாங்கினேன். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமென்ட் பூசச் சொன்னேன். காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அந்த அளவுக்கு விடாது. இரண்டு மழையில் உப்புப் பூத்துப் பலகை பலகையாக விழுந்தது. அப்புறம் குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. பிளம்பர் இரும்புக் குழாயில் ஒரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். வெளியே முக்கால் இன்ச் குழாய், உள்ளே துரு அடைத்து ஒரு பென்சில்கூட நுழையாது. ஒன்றை மாற்ற உடைத்ததில் எல்லாக் குழாயும் அப்படித்தான் என்று தெரிந்தது. தரை முழுக்க உடைத்தோம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. உன் படிப்புக்கென்று போட்டுவைத்திருந்தது. நீ அந்தக் கல்லூரிக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, "உனக்குக் கணக்கு அவ்வளவு வராது, அதெல்லாம் சரிப்படாது" என்றேன். உனக்குக் கணக்கு நன்றாக வந்தது. என்னிடம் பணம் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, உன்னைக் குறை சொல்வது சுலபமாக இருந்தது. நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கதவும் அதே பணத்தில் செய்ததுதான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. உன் எக்செல்லைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

இதை எழுத வரவில்லை. கான்ட்ராக்டருக்கு மொத்தமாக அட்வான்ஸ் கொடுக்காதே. வேலை முடிய முடியக் கொடு, கடைசி 10 சதவீதத்தை ஒரு மழை பார்த்த பிறகு கொடு. கொடுக்கும் முறையை முதலிலேயே எழுதி வாங்கு. இடிபாட்டை அள்ளிப்போடுவது யார் செலவு என்பதையும். பின்பக்கக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைக்க விடாதே, தூள் குழந்தையின் மூச்சில் போகும். அந்த வேலை தெரிந்த ஆளை வைத்துக் கழற்று.

எதிர்பாராத செலவு வரியை நானே 23-ஆவது வரிசையில் சேர்த்திருக்கிறேன். அதில் பாதிக்கு என் பெயர் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டு, வேண்டாமென்றால் வேண்டாம். அழிக்காதே. சனிக்கிழமை மழை வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய், எத்தனை மணியானாலும் சரி.

அப்பா