நம்ம அம்பாசிடர் எஞ்சினுக்கு இங்கே ஒரு அண்ணன்

கோவென்ட்ரி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. குளிர் தொடங்கிவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மா சொன்ன கம்பளி பனியனைப் போட்டுக்கொள்கிறேன். சமையல் நானேதான், புளியும் பெருங்காயமும் ஃபோல்ஸ்ஹில் ரோட்டிலேயே கிடைக்கின்றன. வேலைக்கு இப்போது நடந்தே போகிறேன், உடம்புக்கும் நல்லதுதானே.

பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தெரியுமே, எந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு நிற்பவர். அவரிடம் 1967ஆம் வருஷத்து எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பானெட்டைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன் அப்பா. நம்ம பழைய அம்பாசிடரின் அதே பிஎம்சி பி-சீரிஸ் எஞ்சின்! நம்முடையது 1489 சிசி, இது 1798. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அந்த ஸ்ட்ரோக், இரண்டுக்கும் அதே 88.9 மில்லிமீட்டர், சிலிண்டரின் அகலமான போர்தான் 73இலிருந்து 80 ஆகியிருக்கிறது. சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, ஃபயரிங் ஆர்டரும் நீங்கள் மனப்பாடம் செய்ய வைத்த 1-3-4-2.

மேட்டில் ஏறினால் நாக் அடிக்கிறது, பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் வருகிறது என்றார். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழ வேண்டும் என்கிற டைமிங்கை, கார்ப் புத்தகத்தில் சொன்னபடி ஸ்டாட்டிக் 10 டிகிரிதான், அதாவது எஞ்சின் நிற்கும்போது பார்க்கிற அளவில், வைத்திருந்தார். ஆனால் அந்தப் புத்தகம் ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் காலத்தில் அச்சானது, இன்று பம்பில் வருவது 95 ஆக்டேன், 2021இலிருந்து அதிலும் 10 சதவீதம் வரை எத்தனால். அதைவிட முக்கியம், பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெயிட்டுகளைப் பிடிக்கிற இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன, அதனால் வேகம் ஏறும் முன்னாலேயே அட்வான்ஸ், பொறியை முன்கூட்டியே விழ வைப்பது, முழுசாக வந்து நின்றுவிடுகிறது. நிற்கும்போது அளவு சரியாக இருந்து என்ன பயன்?

ஸ்பிரிங் மாற்றினோம். பிறகு முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்ட்டுகளின் இடைவெளி, பாயிண்ட் கேப், 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. கேப் மாறினால் டைமிங்கும் மாறும் என்பீர்களே, அதனால்தான். வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்து, 3000 ஆர்பிஎம்மில் மொத்தம் 30 டிகிரிக்கு மேல் போகாதபடி டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைத் திருப்பினேன். அதற்குள் ரோட்டார் இடப்பக்கமாகச் சுற்றுகிறது, பாடியை வலப்பக்கம் திருப்பினால் அட்வான்ஸ். கடைசியில் லைட்டை வைத்துவிட்டு உங்கள் வழிக்கே வந்தேன்: மேட்டில் டாப் கியர், முப்பது மைல் வேகம், ஆக்சிலரேட்டரை அழுத்திக் காது கொடுப்பது. லேசாக ஒரு கிணுகிணுப்பு, உடனே கொஞ்சம் ரிட்டார்ட், பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான். வண்டி சிறுமலை ஏற்றத்தில் நம்ம வண்டி போனதைப் போலப் போனது. காட்டுகிற லைட்டைவிடக் கேட்கிற காதுதான் இந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற அளவைச் சொல்கிறது, இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

பெரியவர் ரொட்டிமேல் பீன்ஸ் போட்டுக் கொடுத்தார். கையெல்லாம் கிரீஸ் வாசனை. ராத்திரி சோப்புப் போட மனசு வரவில்லை. பட்டறை வாசலில் நீங்கள் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு நகர்த்துவது கண் முன்னால் நிற்கிறது. அந்தக் கையா அப்பா இப்போது இப்படிக் கோணல்மாணலாக எழுதுகிறது? ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருக்கிறது.

சரி. திண்டுக்கல் டாக்டர் போதாது, மதுரைக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டச் சொல்லி மாமாவிடம் பேசிவிட்டேன், மறுக்காதீர்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், வேறொன்றுமில்லை, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். டாக்டர் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன வேலை என்று நன்றாக விசாரியுங்கள், அவள் படிப்பு முடியட்டும் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கிணற்று நிலத்துப் பட்டாவைச் சித்தப்பா கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், அசல் அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியவன்