பச்சை பிடித்த போர்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடலோரக் குளச்சல், முட்டம் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வரும் நண்பர்கள், எலக்ட்ரானிக் சர்க்யூட் செய்ய வாங்கும் செம்புத்தகடு ஒட்டிய போர்டைப் பற்றி நம் கடையில் அடிக்கடி சொல்லும் புகார் இது: "அண்ணே, நீங்க தந்த காப்பர் போர்டு மட்டம். ஆறு மாசத்துல பச்சை பிடிச்சாச்சு." போன வாரம் வந்த தண்ணீர்த்தொட்டி கன்ட்ரோலரில் ஒரு ட்ராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) அறுந்தே கிடந்தது. அதே ஷீட்டில் வெட்டிய இன்னொரு துண்டை வாங்கிய, கடலிலிருந்து தள்ளியிருக்கும் குலசேகரம்காரரின் போர்டு இன்றும் பளபளக்கிறது. போர்டு ஒன்றுதான், காற்றுதான் வேறு.

சாதாரண போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கடற்காற்றில் வரும் உப்பு அதன்மேல் படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு செம்பைத் தின்னும். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. போர்டு காய நேரமே கிடைப்பதில்லை.

ஆனால் பழியெல்லாம் கடலுக்கில்லை. எட்சிங் செய்யும், அதாவது வேண்டாத செம்பைக் கரைத்தெடுக்கும், பெரிக் குளோரைடும் குளோரைடுதானே! குழாயடியில் ஒருமுறை காட்டிவிட்டு ஈயம் வைக்க உட்கார்ந்தால், துளை ஓரத்தில் தங்கிய மிச்சம் உள்ளிருந்தே அரிக்கும். நன்றாகக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் சில நிமிடம் போட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈயம் பிடிக்க உதவும் பிளக்ஸ், ஈயம் வைத்தபின் ஒட்டியிருந்தால் அதை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். தகரம், குழாய் பற்றவைக்கும் ஆசிட் பிளக்ஸ் போர்டுக்கு வேண்டவே வேண்டாம். ட்ராக் முழுக்க மெல்லிசாக ஈயம் பூசுவது பழைய ஆட்கள் வழக்கம், இன்றும் நல்லதுதான்.

கடைசியில் போர்டை நன்றாகக் காயவைத்து அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே இரண்டு தடவை. கனெக்டர், பிரிசெட் (திருகி அளவு மாற்றும் சிறு ரெசிஸ்டர்), சுவிட்ச் மேல் முதலில் டேப் ஒட்டிவிடுங்கள். மறந்தால் உள்ளே ஸ்பிரே போய் கான்டாக்ட் விழாது. இதை நானே இரண்டுமுறை செய்து அசடு வழிந்திருக்கிறேன்.

பலர் பாத்ரூம் சிலிக்கான் பூசி அடைக்கிறார்கள். பூசும்போது வினிகர் நெடி அடித்தால் நிறுத்திவிடுங்கள். அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பைக் கெடுக்கும். காத்து வைத்த கையே கழுத்தை நெரித்த கதைதான். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பயன்படுத்திய எட்சிங் கரைசலை ஓடையிலோ கிணற்றோரமோ ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு விஷம். எவர்சில்வர் பாத்திரமும் ஆகாது, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.

இனி பெரிக் குளோரைடு வாங்குவோருக்கு ஒரு பொட்டலம் சமையல் சோடா இலவசம். பச்சை பிடித்த பழைய போர்டு இருந்தால் எடுத்து வாருங்கள். அறுந்த ட்ராக்கைச் சுரண்டி, வயர் வைத்து இணைத்துத் தருகிறோம், கூலி இல்லை. ஞாயிறு கடை விடுமுறை.

அன்புடன்,
கடைக்காரர்